வாசகர் கேள்வி–பதில்: காட்டு முயல்கள் கூட்டமாகச் சாகும்போது

ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் வாழும் ஐபீரிய லின்க்ஸ் பூனை, 2002இல் நூற்றுக்கும் குறைவாக இருந்து 2023இல் இரண்டாயிரத்தைத் தாண்டியதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதன் முக்கிய உணவு காட்டு முயல். அந்த முயல்களில் பெரும்பகுதி வேட்டைக்கென ஒதுக்கப்பட்ட தனியார் நிலங்களில்தான் வாழ்கின்றன. அங்கே நோய் வந்தால் என்ன செய்கிறார்கள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள்.

செத்த முயலைப் பார்த்தே எந்த நோய் என்று சொல்லிவிட முடியுமா? (கால்நடை மருத்துவ மாணவி, நாமக்கல்)

ஓரளவு முடியும். அங்கே முக்கியமாக இரண்டு நோய்கள். ஒன்று மிக்ஸோமடோசிஸ். 1952இல் பிரான்சில் ஒருவர் தன் தோட்டத்து முயல்களை ஒழிக்க இந்த வைரஸைக் கொண்டுவந்து விட்டார். மறு ஆண்டே ஸ்பெயினுக்குள் நுழைந்துவிட்டது. கொசுவும் தெள்ளுப்பூச்சியும் பரப்புகின்றன. இமை, காதடி, பிறப்புறுப்பு வீங்கும். கண் மூடிப்போன முயல் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும். ஆள் நெருங்கினாலும் ஓடாது. ஒன்றிரண்டு வாரம் இழுத்துக்கொண்டு கிடக்கும். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் அதிகம்.

மற்றது முயல் ரத்தக்கசிவு நோய். 1984இல் சீனாவில் முதலில் தெரிந்தது, 1988இல் ஸ்பெயினை எட்டியது. நேற்றுவரை மேய்ந்த கொழுத்த முயல் இன்று செத்துக் கிடக்கும். கழுத்து பின்னால் வளைந்திருக்கும், சிலவற்றின் மூக்கில் ரத்தம். வயிற்றைத் திறந்தால் கல்லீரல் வெளிறி, வலை பின்னியதுபோலக் கோடுகளுடன் இருக்கும். மண்ணீரல் கறுத்துப் பெருத்திருக்கும்.

கண்ணால் பார்த்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள். ரத்தக்கசிவு நோயின் பழைய திரிபா, 2010இல் பிரான்சில் வெளிப்பட்ட இரண்டாம் வகையா என்பது வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையில்தான் தெரியும். அந்த வேறுபாடு முக்கியம்: பழையது நான்கு வாரத்துக்குக் குறைந்த குட்டிகளைப் பெரும்பாலும் விட்டுவிடும், புதியது அவற்றையும் கொல்லும். செத்து ஒரு நாளுக்குள் கிடைத்த உடல்களை முழுதாக இரட்டைப் பையில் போட்டு, ஐஸ் பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். தாமதமானால் கல்லீரல் துண்டை உறையவைக்கலாம். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் மட்டும் போட்டு அனுப்புவது வழக்கமான தவறு. அது திசு ஆய்வுக்குத்தான் ஆகும், பிசிஆருக்குச் சரிவராது.

இன்னொன்று: ரத்தக்கசிவு நோயில் பெரும்பாலானவை வளைக்குள்ளேயே சாகின்றன. வெளியில் நாலு உடல் கண்டால் நாலுதான் செத்தன என்று எண்ணக் கூடாது. மாதம் ஒருமுறை, ஒரே பாதையில், அந்திநேரத்தில் எண்ணி வருபவருக்குத்தான் உண்மை நிலை தெரியும்.

எல்லா முயலுக்கும் தடுப்பூசி போட்டுவிட்டால் போதாதா? (வாசகர், கோவை)

வளர்ப்பு முயலுக்கு நல்ல தடுப்பூசிகள் உண்டு. ஐந்து வார வயதிலிருந்து போடலாம். எதிர்ப்பாற்றல் வர மூன்று வாரம் ஆகும். ஆனால் காட்டு முயலை ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். பிடித்து அடைத்தாலே மெலிகிறது, பலவீனமானவை சாகின்றன. பிடிபட்டதும் கூட்டத்தில் சிறு பங்குதான். அடுத்த ஈற்றில் தடுப்பூசி போடாத குட்டிகள் நிலத்தை நிரப்பிவிடும். முயலிலிருந்து முயலுக்குத் தானே பரவும் தடுப்பூசியை ஸ்பெயினின் மெனோர்கா தீவை ஒட்டிய ஒரு சிறு தீவில் சோதித்தார்கள். போடாத முயல்களில் பாதிக்கு மேல் எதிர்ப்பொருள் உருவானது. ஆனாலும் அது சந்தைக்கு வரவில்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து விடும் முயலுக்கு மட்டும் தடுப்பூசி போடுவதே பொருளுள்ள செலவு.

நோய் வந்த ஆண்டில் வேட்டை கூடாதா? எப்படியும் சாகப்போவதைச் சுட்டால் என்ன? (வாசகர், தேனி)

"எப்படியும் சாகும்" என்ற கணக்குதான் தவறு. நோய் ஓய்ந்தபின் நிற்கும் முயல் பெரும்பாலும் எதிர்ப்பாற்றல் பெற்ற முயல். தாய் அந்த எதிர்ப்பொருளைக் கருவிலேயே குட்டிக்குக் கொடுக்கிறது. அது சில வாரம் தாங்கும். அந்த இடைவெளிக்குள் வைரஸ் தொட்டால் குட்டி லேசாக நோயுற்றுத் தேறி, தனக்கென எதிர்ப்பாற்றலைப் பெற்றுவிடும்.

முயல் அடர்ந்த நிலத்தில் வைரஸ் ஓயாமல் சுற்றுவதால் பெரும்பாலான குட்டிகளுக்கு இது இளமையிலேயே நடந்துவிடுகிறது. முயல் குறைந்த நிலத்தில் வைரஸ் எப்போதாவது வருகிறது. வரும்போது எதிர்ப்பொருள் இல்லாத வளர்ந்த முயல்களைச் சந்திக்கிறது, வாரிக்கொண்டு போகிறது. அதனால்தான் அடுத்தடுத்த இரண்டு நிலங்களில் ஒன்று மீண்டு வரும், மற்றது பல ஆண்டு படுத்தே கிடக்கும். முயல் எண்ணிக்கையை ஒரு அளவுக்குக் கீழே விழ விடாமல் காப்பதுதான் இங்கே முதல் மருந்து.

இலையுதிர் கால வேட்டை, மழை பெய்து புல் முளைத்து ஈற்று தொடங்கும் வேளையில், தப்பிப் பிழைத்த தாய்களையே எடுத்துவிடுகிறது. எங்கள் கருத்து இது: ஜூனில் எண்ணியதில் பாதிகூட அக்டோபரில் இல்லையென்றால் அந்தப் பருவத்தில் துப்பாக்கியே வேண்டாம். கண் வீங்கிய முயல்களைத் தேடித்தேடிக் கொல்வதையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தேறக்கூடியவையும் அதில் போய்விடுகின்றன.

கோதுமையை முயல் தின்கிறது என்ற உழவரின் முறையீடும் நியாயமானது. அங்கே வயலைச் சுற்றி 3 செ.மீ. கண்ணுள்ள கம்பிவலை, தரைக்கு மேல் 90 செ.மீ. உயரம், அடியில் 15 செ.மீ. வெளிப்புறமாக மடித்துப் புதைத்தது போதும். மடிப்பை உட்புறமாக வைத்தால் முயல் தோண்டி நுழைந்துவிடும்.

செத்த உடல்களை என்ன செய்வது? (வாசகி, திருநெல்வேலி)

உடனே எடுக்க வேண்டும். ரத்தக்கசிவு வைரஸ் பிணத்தில் மூன்று மாதம்வரை உயிர்ப்புடன் இருக்கும், ஈயும் சுமக்கும். கையுறையோடு எடுத்து, உள்ளூர் விதி அனுமதித்தால் நீர்நிலைக்கு எட்டத்தில் ஒரு மீட்டருக்கு மேல் ஆழத்தில் புதைக்கலாம். இல்லையேல் எரிக்க ஒப்படைக்க வேண்டும். கைக்கு ஆல்கஹால் திரவம் தடவுவதை நம்பாதீர்கள், இந்த வைரஸுக்கு உறை இல்லாததால் அது சரியாக வேலை செய்யாது. பூட்ஸையும் கூண்டையும் முதலில் சேறு போகக் கழுவி, பிறகு ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்த ப்ளீச்சிலோ 1 சதவீத காஸ்டிக் சோடாவிலோ நனைக்க வேண்டும். சேற்றின் மேலேயே ஊற்றினால் ப்ளீச் வீண்.

தீவனத் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் வைப்பவர்கள் ஒரே இடத்தில் பெரிதாக வைக்காமல், சிறிதுசிறிதாகப் பரப்பி வைக்கட்டும். எல்லா முயலும் ஒரே தொட்டியில் வாய் வைத்தால் நாமே நோயைப் பரிமாறியதாகும்.

வெளியிலிருந்து முயல் கொண்டுவந்து விடலாமா? (வாசகர், மதுரை)

கடைசி வழியாக மட்டும், நோய் ஓய்ந்தபின். ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியாவின் தென்மேற்கில் அல்ஜிரஸ், வடகிழக்கில் கூனிக்குலஸ் என இரண்டு துணை இனங்கள். அவற்றைக் கலக்கக் கூடாது. தடுப்பூசி போட்டு மூன்று வாரம் தனிமையில் வைத்து, கல்லும் மரமும் அடுக்கி மண் மூடிய செயற்கை வளைகளில் விடுவார்கள். அங்கே இவற்றை மஹானோ என்பார்கள். முதல் சில நாள் சுற்றிலும் வேலி, உள்ளே தீனியும் தண்ணீரும். வேலியின்றித் திறந்துவிட்டால் பெரும்பகுதி முதல் இரண்டு வாரத்துக்குள் நரி வாயில் போகும். பழைய வளையில் விடுவதானால் தெள்ளுப்பூச்சிக்கு முன்பே மருந்துத் தூள் இட வேண்டும். நிலம் முழுக்கத் தூவுவது மற்ற பூச்சிகளையும் அழிக்கும்.

இந்த நோய்கள் மனிதருக்கு வருமா? (பலர்)

இவ்விரண்டும் வராது. ஆனால் துலரேமியா என்ற பாக்டீரியா நோய் வரும். 1997இல் ஸ்பெயினின் காஸ்டில்–லியோன் பகுதியில், காட்டு முயலின் உறவினமான ஹேர் என்ற பெரிய முயலைத் தோலுரித்தவர்கள் நிறையப் பேர் அதற்கு ஆளானார்கள். எனவே செத்துக் கிடந்ததை உண்ணக் கூடாது, கையுறை இல்லாமல் தொடவும் கூடாது. தொட்டபின் காய்ச்சலும் நெறிகட்டலும் வந்தால், முயலைத் தொட்டதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டு முயலுக்கும் இது பொருந்துமா? (வாசகி, கொடைக்கானல்)

நம் காட்டில் ஓடுவது வேறு இனம். அதை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பண்ணைகளில் வளர்ப்பதோ ஸ்பெயினின் காட்டு முயலின் இனமேதான். பண்ணையில் திடீரெனப் பல முயல்கள் செத்தால் விற்பனையையும் புது முயல் வாங்குவதையும் நிறுத்திவிட்டு, உடலைக் குளிரவைத்து அரசு கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோங்கள்.