பள்ளி மெஷினில் கோலாவுக்குப் பதில் பழச்சாறு வைக்கலாமா?

கேள்வி: எங்கள் பள்ளியில் உள்ள குளிர்பான மெஷினிலிருந்து கோலா வகைகளை எடுத்துவிட்டு, பழச்சாறும் டயட் பானங்களும் வைக்கப் பெற்றோர் குழு யோசிக்கிறது. இது சரியான மாற்றுதானா?

பதில்: கோலாவை எடுப்பது நல்ல முடிவு. ஆனால் அந்த இடத்தில் பழச்சாறு வேண்டாம். சாதாரண கோலாவில் 100 மில்லிக்குச் சுமார் 10.6 கிராம் சர்க்கரை இருக்கிறது. எதுவும் சேர்க்காத ஆரஞ்சுச் சாற்றிலும் 8 கிராமுக்குக் குறையாது. பழத்தைக் கடித்துத் தின்றால் நார்ச்சத்து கிடைக்கும், வயிறும் நிறையும். சாறு அப்படியில்லை, மடமடவென்று இறங்கிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் பழச்சாற்றின் சர்க்கரையை, நாம் கரண்டியால் அள்ளிப் போடும் சர்க்கரையோடுதான் சேர்க்கிறது.

எதை வாங்கினாலும் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். ‘100 மில்லிக்கு 10.6 கிராம்’ என்பது பார்க்கச் சின்ன எண்தான். பாட்டில் 500 மில்லி என்றால் ஐந்தால் பெருக்குங்கள்: 53 கிராம், அதாவது 13 டீஸ்பூன். தாகத்தோடு வரும் பிள்ளை பாதி குடித்து மூடி வைக்கப் போவதில்லை.

சரி, எதை வைப்பது? முதலில் தண்ணீர். அதுவும் பிள்ளைகளின் கண்மட்ட வரிசைகளில், நன்றாகக் குளிர்ந்து இருக்க வேண்டும். அப்புறம் இனிப்புச் சேர்க்காத பால். பால் லேபிளில் 100 மில்லிக்கு 5 கிராம் வரை தெரிவது பாலின் இயற்கைச் சர்க்கரை, பயப்பட வேண்டாம். அதற்கு மேல் இருந்தால் பெரும்பாலும் சேர்த்ததுதான்.

டயட் பானத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். சர்க்கரை இல்லாவிட்டாலும் அதன் அமிலம் பல் எனாமலை அரிக்கும், நாக்கும் இனிப்பையே தேடும். எடையைக் கட்டுப்படுத்தச் செயற்கை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2023இல் சொல்லியிருக்கிறது. காஃபின் கலந்த எனர்ஜி டிரிங்க் பள்ளிக்குள்ளேயே வரக்கூடாது.

மெஷின்காரர் விற்பனை குறையும் என்பார். ஆரம்பத்தில் குறையலாம். எந்த வரிசையில் எது இருக்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் இரண்டே மாதத்தில் கோலா திரும்பி வந்துவிடும்.

மெஷினுக்குப் பக்கத்திலேயே இலவசக் குடிநீர்க் குழாய் ஒன்றும் கேளுங்கள். ஜெர்மனியில் 32 ஆரம்பப் பள்ளிகளில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், குழாய் அமைத்து, தண்ணீர் குடிப்பது பற்றிப் பாடமும் நடத்திய பள்ளிகளில் பிள்ளைகள் அதிக எடைக்குப் போகும் வாய்ப்பு 31 சதவீதம் குறைந்திருந்தது.