துடிக்கும் த்ராட்டில்: கேள்வி-பதில்

கேள்வி: விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்காக ஜாய்ஸ்டிக் வாங்கினேன். அதில் இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலான த்ராட்டிலை முன்னால் தள்ளினால் வேகம் குறைகிறது, பின்னால் இழுத்தால் கூடுகிறது. பழுதானதைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: இல்லை. சிமுலேட்டரின் கன்ட்ரோல் அமைப்பில் த்ராட்டிலுக்கு நேரே 'ரிவர்ஸ்' என்று இருக்கும். டிக் செய்யுங்கள்.

கேள்வி: ஜாய்ஸ்டிக் வாங்கி எட்டு மாதம். கையை எடுத்த பிறகும் த்ராட்டில் அளவு 60க்கும் 70க்கும் நடுவே துடிக்கிறது. சிமுலேட்டரை அழித்து மறுபடி நிறுவியும் போகவில்லை.

பதில்: அதை ஏன் அழித்தீர்கள்? முதலில் பார்க்க வேண்டியது விண்டோஸில் உள்ள கேம் கன்ட்ரோலர் சோதனைப் பக்கம். சிமுலேட்டரை மூடிவிட்டு, த்ராட்டிலை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாக நகர்த்துங்கள். அங்கேயும் அதன் அளவைக் காட்டும் கோடு துடித்தால் கோளாறு கருவியில். அங்கே சீராக இருந்தால் சிமுலேட்டர் அமைப்பில்.

உங்களுடையது பெரும்பாலும் கருவிக் கோளாறுதான். உள்ளே இருப்பது பழைய ரேடியோவின் சத்தக் குமிழில் உள்ள அதே பொட்டென்ஷியோமீட்டர். கரித்தடத்தின் மேல் ஓர் உலோக நாக்கு உரசிக்கொண்டே போகும். தூசி சேர்ந்தாலோ தடம் தேய்ந்தாலோ அளவு குதிக்கும். ரேடியோவில் குமிழைத் திருகும்போது கரகரவென்று வருமே, அதேதான். இதற்குப் பதில் ஹால் சென்சார் வைத்திருந்தால், அது காந்தத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கும். உரசலும் இல்லை, தேய்மானமும் இல்லை.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். பெட்டியில் 'ஹால் சென்சார்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். திறந்து பார்த்தால் ஸ்டிக்குக்கு மட்டும் அது. அடித்தட்டில் உள்ள த்ராட்டிலுக்குப் பழைய கரித்தடம். எத்தனை பட்டன், எத்தனை கலர் விளக்கு என்று எண்ணிச் சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்ல மட்டும் இடம் போதாது. நானும் பட்டன் எண்ணிக்கையில் மயங்கி ஒன்று வாங்கினேன். ஐந்தாம் மாதம் துடித்தது. தையல் மிஷின் எண்ணெயை விட்டேன். துடிப்பு நின்றது, த்ராட்டிலும் நின்றது.

வாரண்டி இருந்தால் திருகாணியைத் தொடாமல் அனுப்புங்கள். முடிந்துவிட்டது என்றால், ஒயரைக் கழற்றிவிட்டு, மின் பாகங்களுக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் அடித்து, இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் நகர்த்தி, நன்றாகக் காயவிடுங்கள். தூசி என்றால் சரியாகும். தேய்மானம் என்றால் திரும்ப வரும். அப்புறம் பொட்டென்ஷியோமீட்டரை மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: கேம்பேட் ஒன்றைச் செருகிய நாளிலிருந்து த்ராட்டில் வைத்த இடத்தில் நிற்பதில்லை.

பதில்: இரண்டு கருவியும் ஒரே இன்ஜினுக்கு உத்தரவு போடுகின்றன. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் தனக்குத் தெரிந்த கருவியைக் கண்டதும் தானே ஓர் அமைப்பைப் போட்டுவிடும். கேம்பேடின் அமைப்பில் த்ராட்டில் சம்பந்தப்பட்டதையெல்லாம் நீக்குங்கள்.

கேள்வி: முழுக்கத் தள்ளினாலும் 90 சதவீதத்தைத் தாண்டவில்லை.

பதில்: காலிபரேஷன், அதாவது த்ராட்டிலின் இரு முனைகளும் எங்கே என்று கம்ப்யூட்டருக்குக் காட்டும் வேலை, செய்தபோது கடைசிவரை தள்ளியிருக்க மாட்டீர்கள். மறுபடி செய்யுங்கள்.

கேள்வி: இரண்டே மாதத்தில் த்ராட்டில் செத்துவிட்டது. பில்லும் பெட்டியும் இல்லை. திறந்து பார்த்தேன், ஒரு ஸ்பிரிங் மிச்சமாகிவிட்டது. கம்பெனி மாற்றித் தர மறுக்கிறது.

பதில்: மறுக்காமல் என்ன செய்வார்கள்? திறக்கும் முன் வாரண்டி அட்டையை ஒரு நிமிடம் படித்திருக்கலாம். ஸ்பிரிங் எங்கே போகும் என்று என்னைக் கேட்காதீர்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் பில் உங்கள் ஆர்டர் கணக்கிலேயே கிடக்கும். அதையாவது எடுத்து வையுங்கள்.

கேள்வி: பழைய ஜாய்ஸ்டிக் ஒன்றை விற்பனைத் தளத்தில் வாங்கினேன். வேலை செய்வதாக வீடியோ அனுப்பினார். வந்ததில் த்ராட்டில் பாதிக்கு மேல் உயிரில்லை. நான்தான் ஏமாளி.

பதில்: அப்படிச் சொல்லாதீர்கள். வீடியோ கேட்டு வாங்கியவர் நீங்கள். என் வாசகர்களில் பாதிப்பேர் அதைக்கூடச் செய்வதில்லை. அந்த வீடியோவைத் திரும்பப் பாருங்கள், த்ராட்டிலை அவர் ஒருமுறையாவது நகர்த்துகிறாரா என்று. நகர்த்தவே இல்லை என்றால் அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. சோதனைப் பக்கத்தில் கோடு பாதியில் நிற்பதைக் கையும் திரையும் சேர்ந்து தெரிகிற மாதிரி எடுத்து, விற்றவருக்குத் தனியாக எழுதாமல் தளத்தின் புகார்ப் பகுதியில் இன்றைக்கே போடுங்கள். கெடு முடிவதற்குள் போட வேண்டும். அவர் பாதிப் பணம் தருகிறேன் என்று போனில் இறங்கி வந்தால், எழுத்தில் கேளுங்கள். அதுவரை அந்த வீடியோவை அழித்துவிடாதீர்கள்.