0.125 பெரிதா, 0.5 பெரிதா? தசம எண் விளையாட்டுகள்: கேள்வி-பதில்

கேள்வி: ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள், 0.5-ஐ விட 0.125 பெரிது என்கிறாள். எத்தனை முறை சொன்னாலும் மறுநாள் அதே தப்பு. விளையாட்டாகச் சொல்லித்தர வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் முதலில் 'ஏன் அது பெரிது?' என்று அவளிடமே கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் '125, 5-ஐ விடப் பெரியதுதானே' என்பார்கள். முழு எண்களில் கற்றதைப் புள்ளிக்குப் பின்னாலும் கொண்டுவருகிறார்கள், அவ்வளவுதான். சில பிள்ளைகள் இதற்கு நேர் எதிர். நூறில் ஒன்று என்பது சின்னத் துண்டு, அதனால் 0.45-ஐ விட 0.3 பெரிது என்பார்கள். இரண்டும் வேறு வேறு குழப்பம். எது என்று தெரியாமல் திருத்தப் போனால் வீண்.

இப்போது ஆட்டம். 0 முதல் 9 வரை பத்துத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கவிழ்த்து வையுங்கள். ஆளுக்கு ஒரு தாள். அதில் '0.' என்று எழுதி, அடுத்து மூன்று கட்டங்கள். ஓரமாக இன்னொரு கட்டம். அது குப்பைக் கட்டம். மாறி மாறிச் சீட்டு எடுக்க வேண்டும். வந்த எண்ணை உடனே ஏதாவது ஒரு கட்டத்தில் எழுதிவிட வேண்டும், பிறகு மாற்றக் கூடாது. நான்கு கட்டமும் நிரம்பியதும் யாருடைய எண் பெரிதோ அவருக்கு வெற்றி.

முதல் சீட்டிலேயே 6 வந்தால் என்ன செய்வாள் என்று பாருங்கள். பத்தில் ஒன்றின் கட்டத்தில் போடுவதா, 8, 9 வரும் என்று காத்திருப்பதா? பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தயங்கும் அந்த நேரத்தில்தான் இடமதிப்பு மனதில் இறங்குகிறது. ஆட்டம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி போதும்: 'எந்தக் கட்டத்தில் முடிவு தெரிந்தது?' 0.816, 0.792 என்றால் முதல் கட்டத்திலேயே தீர்ந்துவிட்டது. சில சுற்றுகளுக்குப் பிறகு, சிறிய எண்ணுக்கு வெற்றி என்று மாற்றுங்கள். அதுவரை குப்பைக்குப் போன பூஜ்யத்துக்கு அப்புறம்தான் மவுசு!

இதோடு நிறுத்திவிடாதீர்கள். இருவருக்கும் மூன்று கட்டம் என்றால், புள்ளியையே பார்க்காத பிள்ளைகூட ஜெயிக்கலாம். 816, 792 என்று முழு எண்ணாகப் படித்தாலும் விடை சரியாகத்தானே வரும்? பாடநூல் பயிற்சிகளில் பல பிள்ளைகளின் குழப்பம் வெளியே தெரியாமல் போவதும் இப்படித்தான். அதனால் உங்களுக்கு இரண்டு கட்டம், அவளுக்கு மூன்று கட்டம் என்று ஆடுங்கள். உங்கள் 0.72 அவளுடைய 0.658-ஐத் தோற்கடிக்கும்போது, 'எப்படி?' என்று அவளே கேட்பாள். அப்போது ஒரு மீட்டர் டேப்பை விரித்து 72 சென்டிமீட்டரையும் 65.8 சென்டிமீட்டரையும் தொட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. வகுப்பில் 40 பிள்ளைகள், உபகரணம் ஒன்றும் இல்லை. பத்தால் பெருக்கும்போது புள்ளியை நகர்த்தச் சொல்லித்தருகிறேன். பத்தால் வகுக்கச் சொன்னாலும் அதே பக்கம் நகர்த்துகிறார்கள்.

பதில்: சாக்பீஸும் ஒரு நாற்காலியும் போதும். கரும்பலகைக்கு முன்னால் தரையில் ஆறு கட்டங்கள் வரிசையாக வரையுங்கள்: நூறு, பத்து, ஒன்று, பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று. ஒன்றுக்கும் பத்தில் ஒன்றுக்கும் நடுவில் நாற்காலி. அதுதான் புள்ளி. 3.45-க்கு மூன்று பிள்ளைகள் வந்து நிற்கட்டும். 'பத்தால் பெருக்கு!' என்றதும் மூவரும் ஒரு கட்டம் இடப்பக்கம் போக வேண்டும். நாற்காலி அசையாது. 34.5 வந்துவிட்டது. மூன்று பேரும் பழைய இடத்துக்கு வந்ததும் 'பத்தால் வகு!' என்றால் எல்லாரும் வலப்பக்கம். 'ஒன்று' கட்டம் காலியாகிவிடும். பூஜ்யத்தை வைத்திருக்கும் பிள்ளை ஓடி வந்து நிரப்ப வேண்டும், 0.345.

ஒரு சின்ன விஷயம். வகுப்பைப் பார்த்து நிற்க வைத்தால் இடம் வலம் மாறிக் குழப்பும். கரும்பலகையைப் பார்த்து நிற்கச் சொல்லி, எண் எழுதிய தாளை முதுகில் குத்திவிடுங்கள்.

புள்ளியை நகர்த்தும் சூத்திரம் தேர்வுக்கு உதவும்தான். ஆனால் ஒவ்வோர் இலக்கமும் பத்து மடங்கு பெரிதாகிறது என்பதை அது மறைத்துவிடுகிறது. இந்த ஆட்டத்துக்குப் பிறகு அதைச் சொல்லித்தாருங்கள், முன்னால் வேண்டாம்.

கேள்வி: என் பையன் எந்நேரமும் கிரிக்கெட்தான். ஓவர் கணக்கை வைத்துத் தசமம் சொல்லித்தரலாமா?

பதில்: ஆரம்பத்தில் கட்டாயம் வேண்டாம். 4.3 ஓவர் என்றால் நான்கு ஓவர், மூன்று பந்து. அதாவது நாலரை ஓவர்; தசமத்தில் அது 4.5. அங்கே புள்ளிக்குப் பின்னால் ஆறு பந்தில் அடுத்த ஓவர் வந்துவிடும், பத்து வரை போகாது. தசமம் நன்றாகப் பிடிபட்ட பிறகு புதிராகக் கொடுங்கள்: 4.3 ஓவரில் 45 ரன், ரன் ரேட் என்ன? 4.3-ஆல் வகுத்தால் தப்பு. 4.5-ஆல் வகுத்தால் சரியாகப் 10.

விளையாட்டுதான் வேண்டுமென்றால் தடகளத்துக்குப் போங்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 விநாடி, மூன்றாவதாக வந்தவர் 55.41. நூறில் ஒரு விநாடியில் வெண்கலம் போனது. நூறில் ஒன்று எவ்வளவு சிறியது, எவ்வளவு பெரியது என்று இதைவிட எப்படிச் சொல்வது? மொட்டை மாடியில் பிள்ளைகளை நின்ற இடத்திலிருந்து தாண்டச் சொல்லி, மீட்டரில் எழுதச் சொல்லுங்கள். 1.4 மீட்டர் தாண்டியவனா, 1.38 மீட்டர் தாண்டியவனா யார் முதல் என்று சண்டை வரும். டேப் தீர்த்து வைக்கும்.

கேள்வி: ரூபாய், பைசா வைத்துச் சொன்னால் போதாதா?

பதில்: தொடங்கலாம், அங்கேயே நிற்க முடியாது. 4.50 ரூபாயைப் பிள்ளைகள் 'நாலு ரூபாய், ஐம்பது பைசா' என்று இரண்டு தனித்தனி எண்ணாகவே பார்க்கிறார்கள். புள்ளி அவர்களுக்கு வெறும் தடுப்பு. மூன்றாவது இடமும் அதில் கிடையாது. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் 2011-லேயே செல்லாமல் போய்விட்டன, பிள்ளைகள் பைசாவைக் கையில் பிடித்ததே இல்லை. மளிகைக் கடையின் எடை இயந்திரத்தைக் காட்டுங்கள். கால் கிலோ பருப்புக்கு 0.250 என்று காட்டும். மூன்று இடமும் கண் முன்னால் இருக்கும்.

கேள்வி: கால்குலேட்டர் கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகுமா?

பதில்: இந்த ஆட்டத்துக்குத் தாராளமாகக் கொடுங்கள். 4.372 என்று தட்டிக் கொடுத்து, 'மற்ற இலக்கங்களைத் தொடாமல், ஒரே கழித்தலில் 7-ஐப் பூஜ்யமாக்கு' என்று சொல்லுங்கள். பிள்ளை முதலில் 7-ஐக் கழிக்கலாம். திரையில் -2.628 வந்து நிற்கும். திருத்தாதீர்கள், பேசாமல் இருங்கள். 0.7 கழித்துப் பார்த்தால் 3.672 வரும். 0.07 கழித்ததும் 4.302. அடுத்த முறை பிள்ளை எண்ணைத் தட்டட்டும், நீங்கள் அழியுங்கள்.