டெரியாக்கி சிக்கன் க்ளூட்டன் ஃப்ரீயா?

சீலியாக் (கோதுமை, பார்லில இருக்குற க்ளூட்டன்ங்குற புரதம் குடலைப் பாதிக்குற நோய்) இருக்குறவங்க ஜப்பான் போனா டெரியாக்கி சிக்கன் சாப்பிடலாமான்னு கேட்டிருக்கீங்க. சாதாரணமா கடையில கிடைக்குறதுன்னா வேண்டாம், தயவுசெஞ்சு ரிஸ்க் எடுக்காதீங்க.

சிக்கன்ல ஒரு பிரச்சனையும் இல்ல, எல்லாம் அந்த சாஸ்லதான். சோயா சாஸ், மிரின் (இனிப்பான அரிசி மது), சாகே (அரிசி மது), சர்க்கரை சேர்த்து சுண்ட வச்சு பளபளன்னு பூசுறதுதான் டெரியாக்கி, சோயா சாஸ்னு பேர்ல சோயா மட்டும் இருக்கே, கோதுமை இருக்காதுன்னு நெனச்சுடாதீங்க, ஜப்பான்ல அதிகமா ஓடுற கொய்குச்சி வகை சோயா சாஸ்ல சோயாவும் கோதுமையும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி போட்டுதான் புளிக்க வைக்குறாங்க. புளிச்சதும் க்ளூட்டன் போயிடும்னு சிலர் சொல்லுவாங்க, அத நம்பி சாப்பிடாதீங்க.

மிரின் ஒட்டரிசில பண்றது, அந்த அரிசிய இங்கிலீஷ்ல க்ளூட்டினஸ் ரைஸ்னு சொல்றதால பயப்படுறாங்க, அதுல க்ளூட்டன் கிடையாது. ஆனா மிரின் மாதிரின்னு விக்குற மலிவான பாட்டில்ல என்னென்ன கலந்திருக்குன்னு லேபிள் பாத்துக்குங்க.

வீட்ல பண்றதா இருந்தா தமாரிங்குற சோயா சாஸ் வாங்குங்க, பெரும்பாலும் சோயால மட்டும் பண்றது, ஆனா சிலதுல கொஞ்சம் கோதுமை சேர்ப்பாங்க, அதனால க்ளூட்டன் ஃப்ரீன்னு போட்டிருக்கணும், அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் அப்டி போடணும்னா க்ளூட்டன் 20 பிபிஎம்க்குள்ள (பத்து லட்சத்துல 20 பங்குக்குள்ள) இருக்கணும். சாஸ் கெட்டியாக சோளமாவு போதும்.

ஹோட்டல்ல தமாரி இருக்குன்னு சொன்னாலும் கிரில், பிரஷ் தனியான்னு கேளுங்க. ஜப்பான்ல கோதுமைக்கு கொமுகின்னு பேரு, பாக்கெட் உணவுல அத கட்டாயம் குறிப்பிடணும்னு சட்டமே இருக்கு.