ஏறாமல் இறங்குவது

அன்புள்ள அம்மா,

ஸ்ரீநகரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் தேனி பக்கம். முதலாண்டுக் குளிரில் போர்வைக்குள் அழுதுகொண்டு கிடந்தவன் நான். இரண்டாம் ஆண்டில் நண்பர்கள் குல்மர்க்குக்கு இழுத்துப் போனார்கள். அன்றிலிருந்து பனிச்சறுக்குதான் என் உலகம். இந்த விடுமுறைக்கு ஊருக்குக்கூடப் போகவில்லை. ஒரே நாளில் கோண்டோலாவில், அதாவது கம்பியில் தொங்கி மலையேறும் பெட்டியில், ஒன்பது முறை மேலே போய் இறங்கியிருக்கிறேன். ஒரு முறை சறுக்க அனுமதித்த பகுதியின் எல்லைக்கயிற்றைத் தாண்டி, யார் தடமும் படாத பனியிலும் இறங்கினோம். அந்த வேகத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. அடுத்த ஆண்டு படிப்பு முடிந்ததும் சென்னையிலோ ஓசூரிலோ வேலைக்குப் போயாக வேண்டும். இந்தப் பித்தை அப்போது என்ன செய்வது? இது பணக்காரர்களின் விளையாட்டு என்று அப்பா திட்டுகிறார். உத்தராகண்டின் அவுலியில் பனிச்சறுக்குப் பயிற்சி எடுத்ததாக நீங்கள் முன்பு ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். காணொளி இணைத்திருக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்,

காணொளியைப் பார்த்தேன். நான்கு நிமிடத்தில் மூன்று நிமிடம் உங்கள் முழங்கால்தான் தெரிகிறது. ஆனால் கடைசியில் விழுந்து எழுந்து, வாயில் பனியோடு சிரிக்கிறீர்களே, அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தப் பதில்.

போன வாரம் வீடு மாற்றினோம். பரணில் இருந்து ஒரு தோல் கையுறை விழுந்தது. ஒற்றைக் கையுறை. இடது கை. மகள் குப்பையில் போடப் போனாள், பிடுங்கிக்கொண்டேன். அன்று முதல் அதைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன். அதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டது.

முதலில் திட்டிவிடுகிறேன். எல்லைக்கயிற்றைத் தாண்டியதை ஒரு சாதனைபோல எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கயிறு உங்களைப்போன்ற பிள்ளைகளுக்காகவே கட்டப்பட்டது. 2023 பிப்ரவரி 1 அன்று நீங்கள் சறுக்கும் அதே குல்மர்க்கின் அபர்வத் மலையில் பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஒரு ரஷ்யர். தேனிக்காரர்களுக்கு மட்டும் அந்த மலை சலுகை தராது. பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்புகின்றன. அதாவது சறுக்குவதற்கு எது இன்பமோ அதே சாய்வில். புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் நம்பிக்கை உண்டு. அதற்குமேல் போனால் நம்பிக்கை வேகமாகக் குறையும். வெளியிலிருந்து உதவி வந்து சேர அந்தக் கால் மணி போதாது. கூட வந்தவன்தான் தோண்ட வேண்டும். உங்கள் நண்பர்களிடம் இருப்பிடம் காட்டும் கருவி இருந்ததா? குத்திப் பார்க்கும் நீளக்கோல்? மண்வெட்டி? காணொளியில் நான் பார்த்தது ஒரு சிப்ஸ் பாக்கெட். இனி அந்தப் பக்கம் போனால் எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

அப்பா சொல்வதற்குப் பதில் தேட வேண்டாம். வாடகை ஸ்கீ (காலில் மாட்டும் சறுக்குப்பலகை), கோண்டோலா டிக்கெட், ஜாக்கெட் என்று கூட்டினால் அவர் சொல்வது சரி. ஒத்துக்கொண்டுவிட்டு சாப்பிடப் போங்கள்.

நான் பேச நினைப்பது அந்த ‘ஒன்பது முறை’ பற்றி.

1992 பிப்ரவரியில் அவுலிக்குப் போனேன். டெல்லியில் ஒரு பத்திரிகையில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன், இருபத்துநான்கு வயது. ஜோஷிமட்டிலிருந்து அவுலிக்கு ரோப்வே அப்போது ஓடத் தொடங்கவில்லை. பதினான்கு நாள் பயிற்சி. எனக்குத் தந்த ஸ்கீ என் உயரத்துக்கு ஒரு முழம் அதிகம், பூட்ஸ் ஓர் அளவு பெரியது. எல்லைக்காவல் படையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு கட்வாலி மனிதர் சொல்லித்தந்தார். முதல் நாள் முழுக்க விழச் சொன்னார். பக்கவாட்டில் விழு, கையை ஊன்றாதே, பள்ளத்தின் பக்கம் காலை வைத்து எழு. மறுநாளும் அதேதான். மூன்றாம் நாள் இனி சறுக்குவோம் என்று குதூகலமாகப் போனால், மேட்டைக் காட்டி “ஏறு” என்றார்.

ஸ்கீயோடு மேடேறுவது என்னவென்று ஒன்பது முறை கோண்டோலாவில் போனவருக்குத் தெரிந்திருக்காது. முன்முனைகளை விரித்து, பின்முனைகளைச் சேர்த்து, உள்விளிம்பைப் பனியில் அழுத்தி ஒவ்வோர் எட்டாக வைக்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் பனியில் மீன்முள் கிடப்பதுபோலத் தடம் இருக்கும். சரிவு இன்னும் செங்குத்தானால் மலைக்குப் பக்கம் காட்டி நின்று, படியேறுவதுபோல ஏற வேண்டும். நாற்பது நிமிடம் ஏறுவேன். அரை நிமிடத்தில் இறங்கிவிடுவேன். அதிலும் பாதியில் விழுந்துவிடுவேன். “பேட்டி, குட்னே மோடோ!” என்று கீழிருந்து கத்துவார். மகளே, முட்டியை மடக்கு. முதல் வாரம் ஒருவரையும் மேலே ஏற்றிவிடும் லிப்ட் பக்கமே விடவில்லை. நான் அவரை மனதுக்குள் திட்டாத வசையில்லை. மதுரைத் தமிழில் திட்டுவதற்கு அங்கே ஆட்சேபம் சொல்ல யாருமில்லை.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, ஏறிக்கொண்டிருக்கும்போது காலின் கீழே பனியின் ஓசை மாறியது. அதுவரை பொருபொருவென்று இருந்தது, ஒரு மரநிழலுக்குள் நுழைந்ததும் கண்ணாடியை உரசுவதுபோலக் கேட்டது. வெயில் பட்டு இளகி மறுபடி உறைந்த இடம் அது. இறங்கி வரும்போது அந்த இடத்துக்கு முன்பே என் முட்டி தானாக மடங்கியது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் விழாமல் கீழே வந்தேன். எதிரே நந்தாதேவி நின்றுகொண்டிருந்தது. அன்றைய கூச்சலில் கழற்றி வீசிய வலது கையுறை கிடைக்கவே இல்லை.

கோண்டோலா உங்களிடமிருந்து இதைத்தான் எடுத்துக்கொள்கிறது, எம். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் இறங்கும் காலுக்கு, நடுவில் கிடந்த மலையைப் பற்றி எதுவும் தெரியாது. குல்மர்க்கில் மரப்பலகை வண்டியில் சுற்றுலாப்பயணிகளை உட்காரவைத்து மேட்டில் இழுத்துப் போகிறார்களே, கம்பூட்ஸ் போட்ட ஆட்கள், அவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? உச்சிக்குப் போனதும் அவர்களும் முன்னால் உட்கார்ந்துகொண்டு பயணியோடு சேர்ந்து சறுக்குவார்கள். கத்துவது பயணிதான். ஆனால் எந்த இடத்தில் குதிகாலை ஊன்ற வேண்டும் என்று தெரிந்தவன் இழுத்துப்போனவன். நீங்கள் அந்த வண்டியில் உட்கார்ந்திருப்பவரைக் கேலி செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். கோண்டோலா அதே வண்டிதான். இழுப்பவர் முகம் தெரியவில்லை, அவ்வளவே.

இப்படிச் சொன்னால் வயதானவளின் புலம்பல் என்பீர்கள். லிப்ட் இல்லாவிட்டால் இந்த விளையாட்டில் எவரும் தேற முடியாது என்றும் சொல்வீர்கள். தேறத்தான் வேண்டுமென்றால் உண்மை. தங்மர்க்கின் ஆரிஃப் கான், குல்மர்க்கில் ஸ்கீ சாமான் கடை வைத்திருந்தவரின் மகன், 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர், கம்பங்களுக்கு நடுவே வளைந்து இறங்கும் ஜெயண்ட் ஸ்லாலத்தில் 45ஆம் இடம் பிடித்தார். முழுக்கச் செயற்கைப் பனி கொட்டி எழுப்பிய அந்தச் சரிவில் அன்று பார்த்து நிஜப் பனி பெய்தது. முடிக்கவே முடியாமல் வெளியேறியவர்கள் ஏராளம். அவரைப்போன்றவர்களுக்கு லிப்ட் வேண்டும், ஆயிரம் முறை வேண்டும். நீங்கள் ஆரிஃப் கான் இல்லை. நீங்கள் சந்தோஷத்துக்காகப் போகிறவர். சந்தோஷத்துக்குப் போகிறவருக்கு என்ன அவசரம்?

இறங்குவதற்காக ஸ்கீ பிறக்கவில்லை. பனிக்காலத்தில் வேட்டைக்கும் அடுத்த ஊருக்கும் நடந்துபோவதற்காகப் பிறந்தது. அல்தாய் மலைகளில் இன்றும் ஸ்கீயின் அடியில் குதிரைத்தோல் ஒட்டுகிறார்கள். மயிர் பின்னோக்கிப் படிந்திருக்கும். முன்னே தள்ளினால் வழுக்கும், பின்னே சறுக்கினால் சிலிர்த்துக்கொண்டு பனியைப் பிடிக்கும். பூனையின் முதுகைத் தடவிப் பாருங்கள், புரியும். இன்று கடைகளில் ‘ஸ்கின்’ என்று விற்கும் நைலான் பட்டையும் அதே தந்திரம்தான். தேவையானபோது ஒட்டி, மேலே போனதும் உரித்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். தமிழில் ‘பனிச்சறுக்கு’ என்று பெயர் வைத்தவர் இறக்கத்தை மட்டுமே பார்த்திருக்கிறார். பாவம், அவர் பார்த்ததும் ஏதாவது காணொளியாக இருக்கும்.

ஓசூரைப் பற்றி ஏதோ கேட்டிருந்தீர்கள். நார்வேயில் டெலமார்க் பகுதியில் மோர்கெடால் என்ற ஊரில் 1825இல் பிறந்தவர் சோன்ட்ரே நோர்ஹெய்ம். சொந்த நிலமில்லாத ஏழைக் குடியானவர் (இதை அப்பாவிடம் சொல்லலாம்). முறுக்கிய இளங்கிளைகளால் குதிகாலைச் சுற்றிக் கட்டி, குதித்தாலும் திரும்பினாலும் ஸ்கீ காலைவிட்டுப் போகாதபடி செய்தார். இன்றைய விளையாட்டுக்கு அவரைத்தான் தகப்பன் என்கிறார்கள். 1868இல் தலைநகரில் நடந்த போட்டிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஸ்கீயிலேயே போய், நாற்பதைத் தாண்டிய வயதில் ஜெயித்தார். 1884இல் பிழைப்புக்காக அமெரிக்கா போனார். போய்ச் சேர்ந்த இடம் வடக்கு டக்கோட்டா. பனி கொட்டும். ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமவெளி. 1897இல் அங்கேயே இறந்தார். கடைசிவரை வீட்டு வாசலில் ஒரு ஜோடி ஸ்கீயைச் சாத்தி வைத்திருந்தார் என்று சொல்வார்கள். உங்களுக்காவது ஓசூரிலிருந்து ரயில் இருக்கிறது.

போக நினைத்தால் சீக்கிரம் போங்கள். 2024 ஜனவரியில் குல்மர்க்கின் புல்வெளி காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளையே மார்ச்சுக்குத் தள்ளினார்கள். சில்லைக் கலான் என்னும் நாற்பது நாள் கடுங்குளிரை நம்பி இருக்கிற ஊரில் இது சின்ன விஷயமில்லை. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இப்போதைக்கு ஒரு ஜோடி ஸ்கின் வாடகைக்கு எடுங்கள். இடம் தெரிந்த ஒருவரை, சிப்ஸ் நண்பர்களை அல்ல, கூட்டிக்கொள்ளுங்கள். காலையில் கோண்டோலா ஓடத் தொடங்கும் முன்பே மரங்களுக்கு நடுவே கோங்டோரி வரை, கோண்டோலாவின் நடு நிலையம் வரை, ஏறுங்கள். மேலே நின்று தேநீர் குடித்துவிட்டு, ஒரே ஒரு முறை இறங்குங்கள். எங்கெல்லாம் ஓசை மாறியது என்று எனக்கு எழுத வேண்டும். காணொளி வேண்டாம்.