99 பலூன்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போர் எதிர்ப்புக் கலை பற்றிய உங்கள் கட்டுரையில் மேற்கு ஜெர்மனியின் நேனா இசைக்குழு பாடிய ‘99 லுஃப்ட்பலோன்ஸ்’ (99 பலூன்கள்) பாடலையும் சேர்த்திருந்தீர்கள். அமெரிக்காவில் அதை வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு ஜெர்மன் தெரியாது. பொருள் புரியாமல் ஆடித் தீர்த்த ஒரு பாட்டின் விற்பனையைப் போர் எதிர்ப்பின் வெற்றியாக எப்படிக் கொள்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வாங்கியவர் மனதில் என்ன இருந்தது என்பதை எந்த விற்பனைப் பட்டியலும் கணக்கெடுப்பதில்லை என்ற அளவில் உங்கள் ஐயம் நியாயமானதே. 1984 மார்ச்சில் இப்பாடலின் ஜெர்மன் வடிவம் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. முதலிடத்தை விட்டுக்கொடுக்காமல் இருந்தது வான் ஹேலன் என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘ஜம்ப்’ பாட்டு. இரண்டுக்கும் அடுத்தடுத்து ஆடிய இளைஞர்கள் அணு ஏவுகணைகளை நினைத்துக்கொண்டு ஆடினார்கள் என்று நானும் வாதிட மாட்டேன்.

ஆனால் அதற்கு ஓராண்டு முன்பே மேற்கு ஜெர்மனியில் முதலிடம் பிடித்த பாட்டு இது. அங்கே அதன் பொருள் புரியாதவர் இருந்திருக்க முடியாது. நேட்டோ 1979 டிசம்பரில் எடுத்த முடிவின்படி அமெரிக்காவின் பெர்ஷிங் 2 அணு ஏவுகணைகள் அந்த மண்ணில் நிறுத்தப்படவிருந்தன; அதை எதிர்த்து 1981 அக்டோபரில் பான் நகரில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் திரண்டிருந்தனர். 1982இல் மேற்கு பெர்லினில் நடந்த ரோலிங் ஸ்டோன்ஸ் நிகழ்ச்சியில் பறக்கவிட்ட பலூன்களைப் பார்த்துக்கொண்டிருந்த நேனா குழுவின் கிதார் கலைஞர் கார்லோ கார்கெஸ், இவை பெர்லின் சுவரைத் தாண்டிக் கிழக்கே போனால் அந்தப் பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்று யோசித்ததில்தான் பாடல் பிறந்தது.

இதில் கோஷம் எதுவும் இல்லை. பலூன்களை விண்வெளியிலிருந்து வந்த கலங்கள் என்று எண்ணி ஒரு தளபதி விமானப்படையை அனுப்புகிறார். விமானிகள் ஒவ்வொருவரும் தம்மை ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் விண்கலத் தலைவன் கேப்டன் கிர்க்காகவே கருதிக்கொண்டு சுட்டுத் தள்ளுகிறார்கள். நடந்தது விளங்காத அண்டை நாட்டார் சீண்டப்பட்டதாகக் கொதிக்கிறார்கள். கையில் தீக்குச்சியும் பெட்ரோல் கேனுமாகப் போர் அமைச்சர்கள் கொழுத்த வேட்டையை மோப்பம் பிடிக்கிறார்கள். இதற்குக் குழுவின் கீபோர்டு கலைஞர் ஊவே ஃபாரன்க்ரோக்-பீட்டர்சன் அமைத்த இசையைக் கவனித்துக் கேளுங்கள். தொடக்கத்தில் நீண்டு ஒலிக்கும் சின்தசைசரின் மேல் குரல் மட்டும் நிதானமாகக் கதை சொல்கிறது. பிறகு டிரம்ஸும் பேஸும் புகுந்து துள்ளத் தொடங்குகின்றன. போர் மூண்டு வளர்வது முழுவதும் இந்தத் துள்ளலில்தான். 99 ஆண்டுப் போருக்குப் பின் இடிபாடுகளில் நடப்பவளின் குரல் வரும்போது தாளம் மறுபடி அடங்குகிறது. ஆடுபவர் தம்மை அறியாமல் அந்த விமானிகளின் உற்சாகத்தில் பங்கு கொள்கிறார். ஆகவே, நீங்கள் குறையாகச் சொல்லும் ஆட்டத்தை நான் இந்தப் பாடலின் உத்தியாகவே பார்க்கிறேன்.

பாடல் வெளிவந்த அதே 1983இல், செப்டம்பர் 26 அன்று, மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியை அமெரிக்க ஏவுகணை என்று சோவியத் எச்சரிக்கைக் கருவிகள் அறிவித்தன. பணியிலிருந்த அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் அது பொய் எச்சரிக்கை என்று முடிவெடுத்தார். பலூன் கதை மிகைப்படுத்தல் என்று சொல்பவர்களுக்கு நான் இந்த நிகழ்ச்சியைத்தான் காட்டுவேன்.

மற்றபடி, பாட்டு எதையும் தடுத்துவிடவில்லை. அவ்வாண்டு நவம்பரில் மேற்கு ஜெர்மன் நாடாளுமன்றம் ஒப்புதல் அளிக்க, ஏவுகணைகள் வந்து சேர்ந்தன.

நீங்கள் கேட்ட பாட்டு பிரிட்டனில் 1984இல் மூன்று வாரங்கள் முதலிடத்தில் இருந்த ஆங்கில வடிவமாக இருந்தால் ஒரு வார்த்தை. கெவின் மெக்காலீ எழுதிய அதில் விபரீதம் ராணுவத் தளத்தின் மென்பொருள் கோளாறிலிருந்து தொடங்குகிறது. சீண்டப்பட்டதாக எண்ணும் அண்டை நாட்டாரும் 99 ஆண்டுப் போரும் அதில் இல்லை. மனிதரின் இறுமாப்பு செய்ததை அங்கே இயந்திரத்தின் தலையில் பாதி கட்டிவிட்டார்கள். நேனா குழுவினருக்கே அந்த வடிவத்தில் திருப்தி இருக்கவில்லை. அமெரிக்கர்கள் புரியாமல் வாங்கினாலும் நல்லதைத்தான் வாங்கினார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்