தைராய்டு மாத்திரை போட்டும் வயிறு உப்புகிறதே, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 44. ஆறு வருடமாகத் தைராய்டு குறைபாட்டுக்கு 75 மைக்ரோகிராம் லெவோதைராக்சின் எடுக்கிறேன். ஒரு வருடமாகச் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வயிறு பானை மாதிரி உப்பிவிடுகிறது. மலம் மூன்று நாளுக்கு ஒரு முறைதான். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை தைராய்டு மாத்திரையோடு சேர்த்தும், இரும்புச் சத்து மாத்திரையைக் காலை உணவுக்குப் பிறகும் எடுக்கிறேன். டிஎஸ்எச் 9.8 என்று வந்திருக்கிறது. குடலில் கெட்ட பாக்டீரியா பெருகிவிட்டது, புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய மருந்து) எடு என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் அந்த 9.8-ஐக் கவனிப்போம். டிஎஸ்எச் என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன். தைராய்டு ஹார்மோன் போதாதபோது அது ஏறும். உங்களுக்கு ஏறித்தான் இருக்கிறது.

வயிறு காலியாக இருக்கும்போது, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரைப்பையில் கிளம்பிச் சிறுகுடலின் கடைசிவரை ஒரு சுருக்க அலை ஓடும். மிச்சம் மீதி உணவு, கோழை, பாக்டீரியா எல்லாவற்றையும் பெருங்குடல் பக்கம் தள்ளிவிடுகிற துடைப்பம் அது. பசி நேரத்தில் வயிறு கடமுட என்று சத்தம் போடுவது பெரும்பாலும் இதனால்தான். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் குடலின் அசைவே மந்தமாகிவிடும். துடைக்காத இடத்தில் பாக்டீரியா தங்கிப் பெருகும். நீங்கள் சாப்பிட்டதைச் சிறுகுடலிலேயே புளிக்கவைத்து வாயு உண்டாக்கும்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. லெவோதைராக்சின் நன்றாகக் கரைய இரைப்பை அமிலம் வேண்டும். அதைத்தான் மற்ற மாத்திரை குறைத்துவிடுகிறது. பாக்டீரியாவைக் கொல்வதும் அதே அமிலம்தான். போதாக்குறைக்கு, இரும்புச் சத்து தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். அதுவே மலச்சிக்கலையும் உண்டாக்கும். ஆக, அளவு போதாமல் டிஎஸ்எச் ஏறியதா, மருந்து உள்ளே போய்ச் சேராமல் ஏறியதா என்பது தெரியாமல் அளவைக் கூட்டுவது அவசரம்.

லெவோதைராக்சினைக் காலை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போடுங்கள். காபி, உணவு எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பை மாலைக்கு மாற்றிவிடலாம். அமிலம் குறைக்கும் மாத்திரையை எதற்காக ஆரம்பித்தார்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அல்சர் வந்தவர்களுக்கும், தொடர்ந்து வலி மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது தேவைப்படலாம். தேவையில்லை என்றாலும் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட வேகமாகப் பொங்கும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இப்படி ஆறு முதல் எட்டு வாரம் எடுத்துவிட்டு டிஎஸ்எச் பாருங்கள். பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரை எடுப்பவராக இருந்தால் இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். அது ரிப்போர்ட்டையே மாற்றிக் காட்டும்.

சாப்பாட்டுக்கு இடையில் நான்கு மணி நேரம் கொறிக்காமல் இருங்கள். ஒரு பிஸ்கட் போதும், அந்தத் துடைக்கும் அலை நின்றுவிடும். மலச்சிக்கலுக்கு என்று ஒரே நாளில் நார்ச்சத்தை அள்ளிச் சேர்க்காதீர்கள். மந்தமான குடலில் அதுவும் புளித்து உப்புசத்தைத்தான் கூட்டும்.

டிஎஸ்எச் சரியான பிறகும் உப்புசம் நீடித்தால், சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருக்கிறதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனை செய்யலாம். வெறும் வயிற்றில் ஒரு முறை ஊதிவிட்டு, 10 கிராம் லாக்டுலோஸ் (நம் உடல் செரிக்காத ஒரு சர்க்கரை) குடித்து, 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு தடவை ஊத வேண்டும். 90 நிமிடத்துக்குள் ஹைட்ரஜன் ஆரம்ப அளவைவிட 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) கூடினாலோ, மீத்தேன் எப்போதாவது 10 பிபிஎம் தொட்டாலோ பாசிட்டிவ். நான்கு வாரத்துக்குள் ஆன்டிபயாடிக், ஒரு வாரத்துக்குள் பேதி மருந்து எடுத்திருந்தால் முடிவை நம்ப முடியாது. உங்களைப் போல மலச்சிக்கல் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் மீத்தேன்தான் ஏறும். (அதை உண்டாக்குவது பாக்டீரியாகூட இல்லை, ஆர்க்கியா என்ற வேறு இனம்.) மீத்தேன் தன் பங்குக்குக் குடலை இன்னும் மந்தமாக்கும். ஹைட்ரஜனுக்கு ரிஃபாக்ஸிமின் என்ற ஆன்டிபயாடிக், மீத்தேனுக்கு அதனோடு இன்னொரு ஆன்டிபயாடிக் என்று சிகிச்சையும் வேறுபடும். நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

உங்கள் தைராய்டு குறைபாடு ஆட்டோஇம்யூன் வகை (உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குவது) என்றால், கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படுகிற சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே செய்ய வேண்டும். நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் தெரியாமல் போகலாம். பி12 அளவையும் பாருங்கள்.

எடை காரணமில்லாமல் இறங்கினாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம். வயிறு வீங்கி, வாயுவும் மலமும் அடியோடு நின்று, வாந்தியும் வந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.